மும்பை என்.சி.பி.ஏ: காதுக்காகக் கட்டிய அரங்கம், அங்கே வளர்கிற இசை

இளையராஜா தன் சிம்பொனியை 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேற்றிய பிறகு, ஊரிலிருந்து மும்பைக்கு வருகிற சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் எலிபெண்டா, ஹாஜி அலி, சித்திவிநாயகர், மரீன் டிரைவ், அத்தோடு சரி. இப்போது "இங்கே சிம்பொனி நேரில் கேட்க முடியுமாமே, எங்கே, டிக்கெட் கிடைக்குமா, நமக்குப் புரியுமா" என்று கேட்கிறார்கள். கேட்க முடியும், டிக்கெட் கிடைக்கும், புரியவும் செய்யும். மரீன் டிரைவ் முடிகிற முனையில், நாரிமன் பாயிண்டில், கடலை ஒட்டி என்.சி.பி.ஏ இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் எழுதுவதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

நேஷனல் சென்டர் ஃபார் த பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் என்பது முழுப்பெயர். டாக்ஸிக்காரரிடம் என்.சி.பி.ஏ என்றே சொல்லுங்கள். பெயரில் தேசியம் இருந்தாலும் இதை நடத்துவது அரசு இல்லை. டாடா அறக்கட்டளை ஆதரவில் ஜே.ஆர்.டி. டாடாவும் ஜாம்ஷெட் பாபாவும் 1969-ல் தொடங்கியது. ஜாம்ஷெட் பாபா, அணுவிஞ்ஞானி ஹோமி பாபாவின் தம்பி. நகரத்துக்குள் இவ்வளவு பெரிய கலை மையத்துக்கு நிலம் கிடைப்பது நடக்காத காரியம் என்றானபோது, கடலைத் தூர்த்து எட்டு ஏக்கர் நிலத்தை உண்டாக்கிக் கட்டினார்கள். அதாவது நீங்கள் டிக்கெட் காட்டி உள்ளே நுழைகிற இடம் ஒரு காலத்தில் அலை அடித்த இடம்.

இந்த ஜாம்ஷெட் பாபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு கலை நிறுவனம் நிலைக்க என்ன வேண்டும் என்பது அவர் கதையில்தான் இருக்கிறது. மையத்தின் பெரிய அரங்கம் கட்டி முடிகிற நேரத்தில், 1997-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மனிதர் அசரவில்லை, மறுபடி முதலிலிருந்து கட்டி 1999-ல் திறந்தார். இன்று அதற்கு அவர் பெயர்தான், ஜாம்ஷெட் பாபா தியேட்டர். 2007-ல் காலமானபோது சொத்தையும் இந்த மையத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். மலபார் ஹில்லில் அண்ணன் தம்பி வாழ்ந்த மெஹ்ராங்கீர் என்கிற பங்களா அதில் ஒன்று. 2014-ல் ஏலம் விட்டார்கள், 372 கோடி ரூபாய்க்குப் போனது. ஹோமி பாபா வாழ்ந்த வீட்டை நினைவகமாக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் நீதிமன்றம் வரை போனார்கள், ஆனாலும் பின்னால் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். எனக்கு அந்த விஷயத்தில் இன்றைக்கும் மனசு ஆறவில்லை, அந்த வீடு நின்றிருக்க வேண்டும். ஆனால் எழுதிவைத்தவரின் விருப்பம் என்று பார்த்தால், அவர் கொடுத்தது இசைக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும். அதுவும் உண்மைதானே.

சரி, அரங்கங்களுக்கு வருவோம். ஒரே வளாகத்தில் ஐந்து இருக்கின்றன. இசைக்கு முக்கியமானவை இரண்டு, டாடா தியேட்டரும் ஜாம்ஷெட் பாபா தியேட்டரும். மற்றவை சின்னவை: பரீட்சார்த்த நாடகங்களுக்கான எக்ஸ்பெரிமெண்டல் தியேட்டர், கோத்ரெஜ் டான்ஸ் தியேட்டர், லிட்டில் தியேட்டர். இந்த லிட்டில் தியேட்டரில் இலவச நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு, அறிவிப்புகளில் கண் வைத்திருங்கள்.

டாடா தியேட்டர் 1980-ல் வந்தது, இந்திரா காந்தி திறந்துவைத்தார். வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன், ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் சிரில் ஹாரிஸ். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, வாஷிங்டனின் கென்னடி சென்டர் ஆகியவற்றின் ஒலியமைப்பைச் செய்தவரும் இவர்தான். இவ்வளவு பெரிய ஆட்களை அழைத்துவந்து எதற்காகக் கட்டினார்கள் என்பதுதான் விசேஷம். நம் இந்திய இசையையும் நடனத்தையும் நாடகத்தையும் மனதில் வைத்து, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கட்டினார்கள். சுமார் ஆயிரம் இருக்கைகள், விசிறி விரித்த மாதிரி மேடையைச் சுற்றிப் பரவி இருக்கும், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் மேடை பக்கத்தில் இருக்கிற உணர்வு வரும். சுழல் மேடையும் உண்டு.

ஒருமுறை அங்கே ஒரு இந்துஸ்தானி கச்சேரிக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இரண்டு தம்புராக்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி இன்னும் போடவில்லை. கலைஞர் தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகுவார், தந்தியை மீட்டுவார், காதைக் கிட்டே கொண்டுபோவார், அப்புறம் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கு மேலே, தந்திக்கு அடியில் செருகியிருக்கிற நூலை ஒரு மயிரிழை நகர்த்துவார். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தம்புராவின் நாதம் திடீரென்று விரியும் பாருங்கள், அந்த ரீங்காரம், அது அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்டது. பஞ்சமம் மட்டும் இல்லை, மீட்டிய கீழ்ஸ்தாயி ஸட்ஜத்துக்கு மேலே தானாக எழுகிற காந்தாரமும் கேட்டது. சபாக்களில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், தம்புராவை அப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார், கச்சேரியே ஆரம்பித்துவிட்டது போல.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மைக் இல்லாத இசை என்றால் என்ன என்பதே மறந்துபோய்விட்டது. கிட்டப்பா மாதிரி ஆட்கள் நாடகக் கொட்டகையில் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பாடினார்கள் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். மைக் வந்ததில் நன்மை உண்டு, மெல்லிய குரல்காரர்களும் பெரிய மேடை ஏற முடிந்தது, கீழ்ஸ்தாயியில் குழைந்து பாட முடிந்தது. ஆனால் இன்றைக்கு ஐம்பது பேர் உட்கார்கிற கல்யாண மண்டபத்து மாடி ஹாலில்கூட மிருதங்கத்துக்கு இரண்டு மைக், ஒலி நெஞ்சில் வந்து இடிக்கிறது. வீணைக் கச்சேரி என்றால் வீணைக்குள் ஒரு கருவியை ஒட்டிவிடுகிறார்கள், வருவது வீணையின் நாதமாகவே இருப்பதில்லை. டாடா தியேட்டர் போல ஒரு இடத்தைக் கட்டிவைத்தவர்கள் அதை ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகளுக்கென்றே ஆண்டுதோறும் சில நாட்கள் ஒதுக்கிவைத்தால், வீணை, ருத்ரவீணை, சாரங்கி, துருபத் என்கிற பழைய இந்துஸ்தானி பாணிப் பாடகர்கள், இப்படி வரிசையாகக் கூப்பிட்டு நடத்தினால், நான் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன். இந்த மையம் நம் இசைக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். வேறு எவராலும் செய்ய முடியாது, ஏனென்றால் வேறு எவரிடமும் இந்த அரங்கம் இல்லை.

இப்போது சிம்பொனி.

சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006-ல் உருவானது. மையத்தின் குஷ்ரூ சன்டுக் லண்டனில் ஒரு கஜகஸ்தான் இசைக்குழுவைக் கேட்டு, அதன் வயலின் கலைஞர் மராட் பிசென்கலியேவிடம் பேசியதில் தொடங்கியது. அவரே இதற்கு இசை இயக்குநர் ஆனார். பம்பாய்க்கு மேற்கத்திய சாஸ்திரிய இசை புதிதில்லை. பார்சிகளும் கோவாக்காரர்களும் வீட்டில் பியானோ, வயலின் என்று வளர்ந்தவர்கள். உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஸுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா 1935-லேயே பம்பாய் சிம்பொனி என்று ஒன்றைத் தொடங்கினார். பழைய இந்திப் படப் பாடல்களில் பின்னால் அலை அலையாக வயலின்கள் வருமே, வாசித்தவர்களில் பெரும்பாலோர் கோவாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் சினிமாவில் ரெக்கார்டிங் முறை மாறியதும் அந்த வயலின் கூட்டம் கலைந்தது. அடுத்த தலைமுறைக்கு முழுநேரமாக வாசித்துப் பிழைக்க ஒரு குழுவே இல்லை. இன்றைக்கும் இந்தியாவின் ஒரே தொழில்முறை சிம்பொனிக் குழு இதுதான்.

குறை சொல்பவர்கள் முதலில் பிடிப்பது ஒன்றைத்தான்: பெயரில் இந்தியா, மேடையில் பாதிக்கு மேல் வெளிநாட்டு முகங்கள். உண்மை, கஜகஸ்தானிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள்தான் அதிகம், இந்தியர்கள் குறைவு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்களை வரவழைத்து வாசிக்கவைப்பதில் என்ன வளர்ச்சி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதற்குப் பதில் மேடையில் இல்லை, பயிற்சி அறையில் இருக்கிறது. ஓபோ, பாசூன், பிரெஞ்சு ஹார்ன் மாதிரி மேற்கத்திய ஊதுவாத்தியங்களை வாசிக்க இந்தியாவில் யார் கற்றுக்கொடுப்பது? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு இங்கே வேலை இருக்க வேண்டும், வேலை இருக்க வேண்டுமென்றால் குழு இருக்க வேண்டும். ஆக முதலில் குழு, அப்புறம் பள்ளி. இவர்கள் அந்த வரிசையில்தான் போயிருக்கிறார்கள். குழுவின் கலைஞர்களே ஆசிரியர்களாக இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சித் திட்டம் 2012-ல் தொடங்கியது, ரஷ்யப் பள்ளிகளின் முறையில். வாத்தியம் மட்டும் இல்லை, ஸ்வரத்தைப் பார்த்துப் பாடுவது, இசைக் கோட்பாடு, சேர்ந்து வாசிப்பது எல்லாம் பாடத்தில் உண்டு.

அந்த மாணவர்களின் நிகழ்ச்சி ஒன்றை எப்படியாவது போய்ப் பாருங்கள். பெரிய கச்சேரியைவிட எனக்கு அது பிடிக்கும். நான் பார்த்ததில் ஒரு பெண் குழந்தை, பத்து வயது இருக்கலாம், அளவில் சின்ன வயலினோடு வந்து நின்றாள். பியானோவில் கொடுத்த ஸ்வரத்துக்குத் தந்திகளைத் தானே சரிபார்த்தாள், ஒரு தந்தி லேசாகக் குறைந்திருந்தது, அதற்கு மட்டும் சின்னத் திருகாணியைத் தொட்டாள். வில்லைத் தந்தி மேல் வைத்தாள். அப்புறம் பியானோ ஆசிரியரைப் பார்த்து மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாள், கேட்கிற மாதிரி. அந்த மூச்சின் வேகம்தான் தாளம். அதைப் பிடித்துக்கொண்டு பியானோ அவளோடு சேர்ந்து ஒரே நொடியில் தொடங்கியது. நம் பிள்ளைகள் கையில் தாளம் போட்டுக் கற்பதை இவர்கள் மூச்சில் கற்கிறார்கள். பத்து வயதில் ஒரு பெரியவரைத் தன் மூச்சால் நடத்துகிறாள் என்றால் அவளுக்கு யாரோ வாரா வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். இன்னும் பத்து பதினைந்து வருஷத்தில் அந்தக் குழுவில் உட்காரப் போவது இந்தப் பிள்ளைகள்தான் என்று நான் நம்புகிறேன்.

வயலின் என்றதும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்த வாத்தியம் நம்மிடம் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய முறையில் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்கிற இசை, நாட்டியச் சகோதரர்களில் வடிவேலுவும் வயலினில் பேர்பெற்றவர். வயலினின் தலையைக் காலில் அண்டக் கொடுத்து, தரையில் சம்மணம் போட்டு, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிச் சுருதி கூட்டி, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்துக்குத் தோதாக அதை நம்முடையதாகவே ஆக்கிக்கொண்டோம். ஒரு வாத்தியத்தை ஒரு பரம்பரை ஏற்றுக்கொள்ள இரண்டு மூன்று தலைமுறை பிடிக்கிறது. அதனால் 2006-ல் தொடங்கிய குழுவில் 2026-க்குள் எல்லோரும் இந்தியராக இல்லையே என்று அவசரப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்தும் இதே நிலை என்றால் அப்போது நானும் கேட்பேன்.

இதுவரை செய்ததில் இசைக்குழுவுக்கே பெருமை சேர்த்தது எது என்று கேட்டால், ஜாகிர் ஹுசேன். அவரிடம் கேட்டு எழுதவைத்து, தபலாவும் முழு சிம்பொனிக் குழுவும் சேர்ந்து வாசிக்கிற ஒரு கான்செர்ட்டோவை 2015-ல் மும்பையில் அரங்கேற்றினார்கள். 2019-ல் பிரிட்டன் சுற்றுப்பயணத்திலும் அவரே போய் வாசித்தார். தபலாவை ஓரமாக உட்காரவைத்து நடுவில் நாலு தட்டு தட்டவிடுகிற வழக்கமான ஃப்யூஷன் விவகாரம் இல்லை அது. தில்லி, பஞ்சாப் கராணாக்காரர்கள், அதாவது அந்தந்தத் தபலாப் பரம்பரையினர், தனி வாசிக்கும்போது தொடக்கத்தில் நிதானமாக விரிக்கிற அந்த முறையையே குழுவுக்கு எழுதியிருந்தார். 2024 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். அவர் மாதிரி இரண்டு உலகத்தையும் அறிந்த ஒருவரை மறுபடி தேடிப் பிடித்து எழுதச் சொல்ல வேண்டும். மிருதங்கமும் சிம்பொனிக் குழுவும் சேர்ந்து ஒன்று என்று யாராவது எழுத மாட்டார்களா என்று இருக்கிறது. நம் ஊர்க்காரர் எழுதிய சிம்பொனி லண்டன் போய்த்தான் அரங்கேற வேண்டியிருந்தது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு. மும்பையிலேயே ஒரு குழு இருக்கும்போது அடுத்த தமிழ் இசையமைப்பாளராவது இங்கே வரட்டும். 2023-ல் ஸுபின் மேத்தாவே பிறந்த ஊருக்கு வந்து இந்தக் குழுவை நடத்தினார் என்றால் தரம் எந்த அளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை சிம்பொனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் ஓபோக்காரர் ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடிப்பார், மற்ற அத்தனை வாத்தியமும் அதற்குச் சுருதி சேர்க்கும். அதைத் தவறவிடாதீர்கள், பேசிக்கொண்டிருக்காதீர்கள். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதியாக இருக்கும், ஒரு பகுதி முடிந்ததும் கை தட்டுவதில்லை, நான்கும் முடிந்த பிறகுதான். நமக்கு இது கஷ்டம், நல்ல சங்கதி விழுந்தால் "பலே" சொல்லிப் பழகியவர்கள். டபுள் பாஸ் என்கிற ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியக்காரர்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் தந்தியை இழுத்து விடும்போது அந்த அதிர்வு இருக்கையின் கைப்பிடியில் தெரியும், அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு இன்றைக்கும் சிரமம்தான். எந்தப் படைப்பு வாசிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், யூடியூபில் முந்தின வாரமே இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுப் போங்கள். "புரியுமா" என்கிற பயம் போய்விடும். தெரிந்த கீர்த்தனையைக் கச்சேரியில் கேட்கிற சுகம் இதிலும் கிடைக்கும்.

அப்புறம், நம் இசைக்கு இந்த மையம் என்ன செய்கிறது? நிறையவே செய்கிறது, ஆனால் ஒரு பக்கமாகச் செய்கிறது. இந்துஸ்தானிக்குக் குருவிடம் சிஷ்யர்கள் பழைய முறையில் கற்கிற திட்டம், இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை, பழைய வாக்கேயக்காரர்கள் இயற்றிய பந்திஷ் என்கிற இந்துஸ்தானிப் பாடல்களுக்கென்றே ஒரு விழா, எழுபதுகளிலிருந்து சேர்த்துவைத்த ஒலிப்பதிவுகள் என்று உருப்படியான வேலை நடக்கிறது. அசோக் ரானடே மாதிரி ஒரு பெரிய இசை அறிஞர் இங்கே இருந்து வேலை செய்திருக்கிறார். மகாராஷ்டிரத்தில் இருக்கிற மையம் இந்துஸ்தானிக்கு முதலிடம் கொடுப்பது இயல்பு, அதில் குற்றம் காண மாட்டேன். ஆனால் தேசிய மையம் என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு கர்நாடக சங்கீதத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். எப்போதாவது ஒரு பெரிய பெயரைக் கூப்பிட்டு ஒரு மாலை கச்சேரி என்பது போதாது. சிம்பொனிக் குழுவுக்கு இருபது வருஷம் காட்டுகிற பொறுமையை, பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து எடுத்து வளர்க்கிற அந்த அக்கறையை, நாகஸ்வரத்துக்கோ வீணைக்கோ காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மரபை ஊன்றிய அனுபவமும் இருக்கிறது.

மும்பைத் தமிழர்கள் உடனே ஷண்முகானந்தா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் அங்கே கேட்டு வளர்ந்தவன்தான். 1952-ல் சபாவைத் தொடங்கி, 1963-ல் அரங்கத்தைத் திறந்து, 1990-ல் அதுவும் தீக்கிரையாகி, 1998-ல் மறுபடி எழுப்பினார்கள். மாட்டுங்கா, சயான், செம்பூர்க்காரர்கள் காசு போட்டு, ஓடியாடிக் கட்டிய அந்தச் சபாவுக்கு என் மனதில் இருக்கிற இடமே வேறு. ஆனால் அது இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்கார்கிற பிரம்மாண்ட அரங்கம், அங்கே மைக் இல்லாமல் முடியாது. இரண்டும் வேறு வேறு காரியத்துக்கு. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பி.கே.சி.) 2023-ல் திறந்த அம்பானி கலை மையமும் பளபளப்பாக நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய வெளிநாட்டு நாடகங்கள் பார்க்க அங்கே போகலாம். சுருதி சுத்தமாக இசை கேட்க வேண்டுமானால் நான் நாரிமன் பாயிண்ட்தான் போவேன்.

இனி நடைமுறை விஷயங்கள். சிம்பொனிக் குழுவுக்கு ஆண்டுக்கு இரண்டு பருவங்கள், பிப்ரவரியை ஒட்டி ஒன்று, செப்டம்பரை ஒட்டி ஒன்று. அந்தச் சமயத்தில் மும்பை வருகிற மாதிரி பயணத்தை வைத்துக்கொண்டால் நல்லது. கச்சேரிகள் பெரும்பாலும் ஜாம்ஷெட் பாபா தியேட்டரில். டிக்கெட்டை இணையத்திலும் எடுக்கலாம், நேரில் கவுண்டரிலும் எடுக்கலாம். உறுப்பினர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கும், சலுகையும் உண்டு, மும்பையிலேயே இருப்பவர்கள், அடிக்கடி போகிறவர்கள் என்றால் உறுப்பினர் ஆவது லாபம். விலை அரங்கின் பகுதிக்கு ஏற்ப மாறும். மேல்மாடிக் கடைசி வரிசைகள் மலிவு, அங்கே பார்வைதான் தூரமே தவிர ஒலி குறைவில்லை. காசை மிச்சம் பிடித்து மேலே உட்கார்ந்து இரண்டு கச்சேரி கேட்பது, கீழே முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்று கேட்பதைவிட மேல். முன்வரிசையில் வயலின் பக்கம் மட்டும் தூக்கலாகக் கேட்கும், குழுவின் முழு ஒலி கலந்து வருவது நடுவிலும் பின்னாலும்தான்.

போக்குவரத்துக்கு, மேற்கு லைனில் வருகிறவர்கள் சர்ச்கேட்டில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம், நேரம் இருந்தால் கடலோரமாகவே நடக்கலாம். மத்திய லைன்காரர்களுக்கு சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸியோ பஸ்ஸோ. மெட்ரோ மூன்றாவது தடம் இப்போது முழுசாக ஓடுகிறது, விதான் பவன் நிலையத்தில் இறங்கினால் பொடிநடைதான். வேலை நாளில் செம்பூர், தாணே பக்கமிருந்து காரில் வருவதாக இருந்தால் சாயங்கால நெரிசலுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள், கச்சேரி சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும், தாமதமாக வந்தால் ஒரு உருப்படி முடிகிற வரை வெளியில்தான் நிற்க வேண்டும். சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் வயது வரம்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுகிறது. உள்ளே ஏசி பலமாக இருக்கும், வயசானவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் காபி, சாண்ட்விச் மாதிரி ஏதாவது கிடைக்கும், சபா கேன்டீன் மாதிரி அடையும் ரவா தோசையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம், அல்லது முடிந்த பிறகு மாட்டுங்கா வந்துவிடுங்கள், ஆனால் கச்சேரி முடிய நேரமானால் அங்கேயும் கடைகள் மூடிவிடும்.

பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவர்களும் சிலர் கேட்டிருந்தீர்கள். தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள், சின்ன வயதிலேயே தொடங்கினால்தான் நல்லது. வீட்டில் தினமும் உட்கார்ந்து சாதகம் செய்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், கூட உட்கார ஒரு பெரியவரும் வேண்டும், வாரத்தில் பல நாள் நாரிமன் பாயிண்டுக்கு அழைத்துப்போய் அழைத்துவர வேண்டியிருக்கும். கர்நாடக வயலின் கற்கிற குழந்தையை இதிலும் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிடிக்கிற விதம், சுருதி கூட்டுகிற விதம், விரல் நகர்கிற விதம் எல்லாமே வேறு, இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் குழந்தை திணறும். ஒன்றில் நாலைந்து வருஷம் ஊன்றிய பிறகு மற்றதைப் பார்க்கலாம். முதலில் ஒரு மாணவர் நிகழ்ச்சிக்கு அழைத்துப்போங்கள், குழந்தையை மேடை தெரிகிற மாதிரி முன்னால் உட்காரவையுங்கள், திரும்பி வரும்போது அதுவே என்ன கேட்கிறது என்று பாருங்கள், அதற்குப் பிறகு விண்ணப்பம் போடலாம்.